ஷாகுஹாச்சி கற்க ஆசை: எதை வாங்குவது, எங்கே தொடங்குவது?

"ஷாகுஹாச்சி என்ற ஜப்பானிய மூங்கில் குழலைக் கேட்டதிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. பள்ளி நாட்களில் கொஞ்சம் புல்லாங்குழல் ஊதியதைத் தவிர இசைப் பயிற்சி கிடையாது. எந்தக் குழல் வாங்கலாம், ஆசிரியர் இல்லாமல் முடியுமா, ஒரு பாட்டு வாசிக்க எத்தனை நாளாகும்?" இதுதான் கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், விளக்கம் அப்புறம். இப்போதைக்கு மூங்கில் வாங்காதீர்கள், 1.8 அளவுள்ள (நீளக் கணக்கு, கீழே சொல்கிறேன்) பிளாஸ்டிக் அல்லது மரக் குழல் போதும். ஆசிரியர் இல்லாமல் சத்தம் வரவழைத்துவிடலாம், ஆனால் அதற்கு மேல் தனியாகப் போவது சிரமம், ஏன் என்று கீழே சொல்கிறேன். எளிய பாட்டு ஒன்றை இரண்டு மூன்று மாதத்தில் வாசித்துவிடலாம். ஒரே ஒரு சுரத்தை, பக்கத்து அறையில் இருப்பவர் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிற மாதிரி ஊத ஒரு வருஷம் ஆகலாம். இந்த வாத்தியத்தில் கஷ்டம் விரலில் இல்லை, உதட்டிலும் தாடையிலும்தான் இருக்கிறது. விரல் வித்தை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் சீக்கிரம் சலித்துப்போய் விடுகிறார்கள்.

ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஜப்பானிய மூங்கில் குழல் என்றால் ஷாகுஹாச்சி மட்டும் இல்லை. திருவிழாக்களில் மேளத்தோடு கேட்கிற ஷினோபுவே நம் புல்லாங்குழல் மாதிரி குறுக்கே பிடித்து ஊதுவது. நோ என்ற ஜப்பானிய மரபு நாடகத்தின் நோகான், பழைய அரசவை இசையில் வரும் ரியூதெகி, இரண்டும் குறுக்குக் குழல்கள்தான். உங்களுக்குப் பிடித்தது துள்ளலான திருவிழா மெட்டு என்றால் ஷினோபுவே வாங்குங்கள், விலையும் குறைவு, சத்தமும் சீக்கிரம் வரும். மூச்சுக்காற்றின் உரசலோடு ஒரே சுரம் நீண்டு, வளைந்து, அடங்குகிறதே, அதுதான் பிடித்தது என்றால் ஷாகுஹாச்சி.

அமைப்பைப் பார்த்தால் ஏமாற்றமே வரும், அவ்வளவு எளிமை. மதாகே என்ற மூங்கிலை வேர்ப்பகுதியோடு வெட்டி எடுத்துச் செய்வது, அதனால் அடிப்பக்கம் தடித்து, கொஞ்சம் வளைந்து, வேர்களைச் சீவிய புள்ளிகளோடு இருக்கும். முன்னால் நான்கு ஓட்டை, பின்னால் கட்டைவிரலுக்கு ஒன்று. மேல் முனையில் நாக்கோ விசில் அமைப்போ எதுவும் கிடையாது, வெளிப்பக்கம் சாய்வாகச் சீவிய ஒரு விளிம்பு மட்டும்தான். உதாகுச்சி என்பார்கள். தேயாமல் இருக்க அந்த விளிம்பில் எருமைக் கொம்புத் துண்டு பதித்திருக்கும். சாதாரணக் குழலின் நீளம் ஷாகு என்ற ஜப்பானிய அளவில் 1.8, அதாவது 54.5 செ.மீ. எல்லா ஓட்டையையும் மூடினால் வருவது டி, நம் கணக்கில் இரண்டு கட்டை. 1.6 என்றால் குட்டை, சுருதி மேலே, 2.0, 2.4 எல்லாம் நீளம், சுருதி கீழே. பாடப் புத்தகங்களும் குழுவாக வாசிக்கும் பாடல்களும் பெரும்பாலும் 1.8-ஐ வைத்துத்தான். 2.4-இன் ஆழமான நாதத்தைக் கேட்டு மயங்கி அதையே முதலில் வாங்குகிறவர்கள் உண்டு. ஓட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், விரல் எட்டாது, கை வலிக்கும். பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, சத்தம் வரவழைப்பது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

கண்ணாடி முன்னால் உட்காருங்கள். குழலின் சீவிய பக்கம் வெளியே பார்க்கட்டும். எதிர்ப்பக்க விளிம்பைக் கீழுதட்டுக்குக் கீழே, தாடைக்கு மேலே உள்ள குழியில் பதியுங்கள். குழாயின் திறந்த வாயில் பெரும்பகுதியைத் தாடையும் கீழுதடும் அடைத்துவிடும், சீவிய விளிம்பை ஒட்டிச் சின்ன இடைவெளி மட்டும் மிஞ்சும். குழல் உடம்பிலிருந்து ஏறத்தாழ 45 பாகை விலகி நிற்கட்டும். இப்போது உதடுகளை அழுத்தாமல் மூடி, நடுவில் மட்டும் ஒரு அரிசி நுழைகிற அளவுக்குத் தட்டையான பிளவு விட்டு, காற்றை நேராக அந்த விளிம்பின் மேல் அனுப்புங்கள். காற்று விளிம்பில் மோதி உள்ளேயும் வெளியேயும் மாறி மாறிப் புரள வேண்டும், அப்போதுதான் குழாய்க்குள் இருக்கும் காற்றுத் தூண் அதிரும். முழுக்க உள்ளே போனாலும் சத்தம் இல்லை, முழுக்க வெளியே போனாலும் இல்லை.

முதலில் வருவது வெறும் "ஸ்ஸ்ஸ்". பரவாயில்லை. ஊதிக்கொண்டே குழலின் கீழ் முனையை மிக மெதுவாக ஏற்றி இறக்குங்கள். ஏதோ ஒரு கோணத்தில் அந்த ஸ்ஸ்ஸுக்குள் ஒரு "ஹூ" கீற்று எட்டிப் பார்க்கும். அங்கேயே நில்லுங்கள். இனி கோணத்தை மாற்றாமல் உதட்டுப் பிளவை மட்டும் இன்னும் சிறிதாக்கிப் பாருங்கள், கீற்று தடிக்கும். சத்தம் நிலைத்த உடனே குழலை எடுத்து மடியில் வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வையுங்கள். பலர் இதைச் செய்வதில்லை. சத்தம் வந்துவிட்டதே என்று எடுக்காமல் ஊதிக்கொண்டே இருப்பார்கள், மறுநாள் எடுத்தால் ஒன்றும் வராது. கற்க வேண்டியது, குழல் தானாகச் சரியான இடத்தில் போய் உட்காரும் பழக்கம். ஆகவே எடுப்பது, வைப்பது, ஊதுவது, எடுப்பது, இதுதான் முதல் வாரப் பாடம்.

வராவிட்டால் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, பலமாக ஊதுவது. பலம் இங்கே உதவாது, காற்றின் அகலத்தைக் குறைப்பதுதான் உதவும். இன்னொன்று, குழலை உதட்டின் மேலேயே ஏற்றி வைத்துவிடுவது, அப்போது விளிம்புக்கும் உதட்டுக்கும் நடுவே இடமே இருக்காது. அப்புறம் ஒரு விஷயம் யாரும் சொல்வதில்லை: நம்மில் பலருக்கு உதட்டுப் பிளவு சரியாக நடுவில் விழாது, கொஞ்சம் இடமோ வலமோ விலகியிருக்கும். கண்ணாடியில் பார்த்தால் தெரியும், கண்ணாடியில் படியும் மூச்சின் ஆவி எங்கே விழுகிறது என்று பாருங்கள். உதட்டை நடுவுக்கு இழுத்துச் சண்டை போடாதீர்கள், குழலை அந்தப் பக்கம் நகர்த்துங்கள்.

ஆரம்பத்திலேயே எல்லா ஓட்டையையும் மூடி ஊத வேண்டாம். விரல் ஒன்றில் இம்மியளவு காற்று கசிந்தாலும் அடிச்சுரம் பேசாது, நீங்கள் உதட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். முன்னால் உள்ள ஓட்டைகளைத் திறந்துவிட்டு ஊதுங்கள், சத்தம் நிலைத்ததும் மேலிருந்து ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே கீழே இறங்குங்கள். ஓட்டைகள் பெரியவை, ஏறத்தாழ ஒரு செ.மீ. விட்டம். அதனால் விரல் நுனியால் மூடாமல் விரலின் சதைப்பற்றான பகுதியால் மூட வேண்டும். கீழ்க் கையின் மோதிர விரல் கடைசி ஓட்டை, ஆள்காட்டி விரல் அதற்கு மேலது. மேல் கைக்கும் அப்படியே மோதிரமும் ஆள்காட்டியும், அந்தக் கையின் கட்டைவிரல் பின் ஓட்டைக்கு. நடு விரல்கள் இரண்டும் எதையும் மூடாது, ஓட்டைகளுக்கு நடுவே குழலைப் பிடித்துக்கொள்வது அவற்றின் வேலை. எந்தக் கை மேலே என்பது உங்கள் வசதி, இந்தக் குழல் இரண்டுக்கும் ஒத்துவரும்.

தலை சுற்றும். எல்லாருக்கும் சுற்றும். வழக்கத்தை விட வேகமாக மூச்சை வெளியேற்றுகிறீர்கள், கரியமிலவாயு குறைகிறது, அதனால்தான். உட்கார்ந்தே பழகுங்கள், சுற்றினால் குழலைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாக மூச்சு விடுங்கள், ஒரு நிமிடத்தில் சரியாகும். நுரையீரல் வளர வேண்டும் என்றெல்லாம் இல்லை. பிளவு சிறிதாகச் சிறிதாகக் காற்றுச் செலவு குறைந்து சுற்றலும் நின்றுவிடும்.

இப்போது சுரங்கள். ஷாகுஹாச்சியில் கின்கோ, டோசான் என்று இரண்டு பெரிய வழிகள் உண்டு, நான் படித்தது கின்கோ என்பதால் பெயர்களை அதன்படி சொல்கிறேன்: ரோ, ட்சு, ரே, ச்சி, ரி. மேற்கத்தியக் கணக்கில் டி, எஃப், ஜி, ஏ, சி. டோசான் வழியில் கடைசிச் சுரத்தை ஹா என்பார்கள். கர்நாடக இசை கேட்டு வளர்ந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. ரோவை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் இந்த ஐந்தும் ஸ, க2, ம1, ப, நி2, அதாவது சுத்த தன்யாசியின் சுரங்கள். கைபேசியில் தம்புரா செயலியை இரண்டு கட்டையில் போட்டுவிட்டு அதோடு சேர்ந்து இந்த ஐந்தையும் ஏறி இறங்கிப் பழகினால் சுருதி சேர்கிறதா என்று காதே சொல்லிவிடும். திரையில் முள் ஆடுகிற டியூனர் செயலியை விட இது நல்லது என்பேன், முள்ளைப் பார்த்து ஊதுகிறவர்கள் காதை மூடிவிடுகிறார்கள். ஒரு எச்சரிக்கை, வெயில் நாளில் குழலின் சுருதி ஏறும், குளிரில் இறங்கும். ஊதிச் சூடேறிய பிறகு சரிபாருங்கள்.

ஐந்து ஓட்டையில் ஐந்து சுரம் என்றால் மற்ற சுரங்கள்? அதுதான் மெரி. இந்த வாத்தியத்தின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

தாடையைக் கீழே இறக்கினால் உதடு விளிம்பை நெருங்குகிறது, வாய்ப்பக்கம் இன்னும் மூடிக்கொள்கிறது, சுரம் இறங்குகிறது. இது மெரி. தாடையை நிமிர்த்தினால் சுரம் ஏறும், அது காரி. கூடவே ஓட்டையைப் பாதி மூடினால் இன்னும் இறங்கும். முழுச் சுரம் ஒன்றுக்கும் மேலேயே இறக்க முடியும். செய்து பாருங்கள்: ட்சுவை ஊதிக்கொண்டே, கழுத்தை முன்னால் தள்ளாமல், ஆமோதித்துத் தலையசைக்கிற மாதிரி தாடையை மெல்ல இறக்குங்கள். சுரம் சறுக்கிக்கொண்டு கீழே போகும், சத்தம் சன்னமாகும், நாதம் மங்கும், ஒரு கட்டத்தில் அறுந்துவிடும். அறுவதற்குச் சற்று முன்னால் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தாடை இறங்க இறங்க உதட்டுப் பிளவையும் சுருக்கி, காற்றின் திசையைக் கொஞ்சம் மேலே திருப்பினால் தாங்கும். ட்சுவிலிருந்து ஈ ஃபிளாட் வரை இறக்குவதற்குத்தான் ட்சு மெரி என்று பேர். ரோவுக்கு அது சுத்த ரிஷபம். ஜப்பானிய இசையில் அடிக்கடி வரும் சுரம் இது, கற்பவர்களை அதிகம் அலைக்கழிக்கும் சுரமும் இதுவே. நகர்ப்புறத்து கோட்டோ, ஷாமிசென் என்ற தந்தி வாத்தியப் பாடல்களில் கேட்கும் அந்தச் சோகச் சாயலுள்ள சுர வரிசையை ரோவிலிருந்து தொடங்கினால் ஸ, ரி1, ம1, ப, த1 என்று வரும், நம் பக்கத்தில் கர்நாடக சுத்த சாவேரி. அதில் ரிஷபமும் தைவதமும் மெரியில்தான் பிறக்கின்றன.

மெரிச் சுரம் திறந்த சுரத்தைவிட மெலிவாக, நிழல் விழுந்த மாதிரி ஒலிக்கும். இதைக் குறை என்று நினைத்து எல்லாச் சுரத்தையும் ஒரே கனத்தில் ஊத முயல்பவர்கள் உண்டு, முக்கியமாக மேற்கத்திய ஃப்ளூட் வாசித்துவிட்டு வருகிறவர்கள். அந்த வேறுபாட்டை நம்பித்தான் பாடல்களே அமைக்கப்பட்டிருக்கின்றன, அழித்துவிடாதீர்கள். புல்லாங்குழலில் விரலைச் சறுக்கிக் கமகம் கொடுப்பதை இங்கே பெரும்பாலும் தாடைதான் செய்கிறது. அதிர்வும் அப்படியே. தலையைப் பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ அசைத்துத்தான் யூரி என்ற அந்த அசைவு வருகிறது. நாக்கால் வெட்டுவதும் மரபில் இல்லை, ஒரே சுரம் இருமுறை வந்தால் நடுவே விரலால் ஓட்டையைச் சட்டென்று தட்டிப் பிரிப்பார்கள். "தலையசைக்க மூன்று வருஷம், கொரோவுக்கு எட்டு வருஷம்" என்று ஜப்பானில் ஒரு சொலவடை, கொரோ என்பது உருட்டி வாசிக்கும் ஒரு விரல் அலங்காரம். பயமுறுத்தச் சொன்னது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் பொய்யும் இல்லை.

ஆசிரியர் ஏன் வேண்டும் என்பதற்கும் காரணம் மெரிதான். விரல் வைப்பதைப் படம் பார்த்துக் கற்கலாம். தாடை எவ்வளவு இறங்க வேண்டும், சுரம் உண்மையில் அங்கே போய்ச் சேர்ந்ததா என்பது ஊதுகிறவருக்குத் தெரியாது. இறங்கிவிட்டதாக மனது நம்பிக்கொள்ளும், உண்மையில் கால்வாசி மேலேயே நிற்கும். ஜப்பானில் வழக்கம், ஆசிரியரும் மாணவரும் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவே சுரத்தாளை வைத்து, இருவரும் சேர்ந்தே ஊதுவது. பேச்சு குறைவு. அவர் சுரத்தோடு உங்கள் சுரம் உரசும்போது எங்கே பிசகு என்று உடனே தெரியும். இணையவழியில் இது நடக்காது, ஒலி தாமதமாக வருவதால் சேர்ந்து ஊத முடியாது. அவர் ஊத நீங்கள் கேட்டுத் திருப்பி ஊத வேண்டும். இருந்தாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். மாதம் இரண்டு வகுப்பு போதும். ஜப்பானிலேயே இருக்கிறவர்கள் கல்ச்சர் சென்டர்களில் நடக்கும் குழு வகுப்பில் முதலில் சேர்ந்து பார்க்கலாம், பல இடங்களில் பழகக் குழலும் இரவல் தருவார்கள்.

கின்கோ, டோசான் என்று சொன்னேன், இரண்டும்தான் பெரிய வழிகள். 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குரோசாவா கின்கோ (1710–1771) இந்தக் குழலை ஊதிவந்த பௌத்தத் துறவிகளிடையே புழங்கிய 36 பாடல்களைத் தொகுத்து ஒழுங்குபடுத்தினார், அவர் பெயரில் வந்தது கின்கோ. நகாவோ டோசான் 1896-இல் ஒசாகாவில் தொடங்கியது டோசான், குழு வாசிப்புக்கும் புது இசைக்கும் அதிக இடம் தருவது. குழலைப் பார்த்தே ஓரளவு அடையாளம் சொல்லலாம், உதாகுச்சியில் பதித்த கொம்பு சரிவகமாக இருந்தால் கின்கோ, பிறை மாதிரி வளைந்திருந்தால் டோசான். விரல்களும் ஒலியும் கிட்டத்தட்ட ஒன்றே, ஒரு குழலில் இரண்டையும் வாசிக்கலாம். மாறுவது சுரத்தாள். இரண்டிலும் கதகனா என்ற ஜப்பானிய எழுத்துகள், மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக. தாளத்தைக் குறிக்கும் முறைதான் வேறு. ஐந்தாறு எழுத்துதான், ஜப்பானிய மொழி தெரிய வேண்டியதே இல்லை. மேற்கத்திய ஸ்டாஃப் குறிப்பிலேயே படித்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள்; வேண்டாம். ஒரே டி சுரத்தை இரண்டு விதமாக, இரண்டு வேறு நாதத்தில் எடுக்கலாம் என்கிறபோது எதை எடுப்பது என்பதைக் கதகனா நேரடியாகச் சொல்கிறது, ஸ்டாஃப் சொல்லாது.

பட்டங்கள், உரிமங்கள் பற்றி ஒரு வார்த்தை. இந்த வழிகளில் படிப்படியாகத் தேர்வு, சான்றிதழ், கடைசியில் ஷிஹான் என்ற ஆசிரியர் தகுதி, சிலவற்றில் வழிப் பெயரும் உண்டு. ஒவ்வொரு படிக்கும் கட்டணமும் உண்டு. கற்றுக்கொள்வதற்கு அது கட்டாயம் இல்லை. வெளிநாட்டவருக்கு அது எட்டாது என்பதும் பழைய கதை, அமெரிக்காவில் பிறந்த ரைலி லீ 1980-லேயே தலைமை ஆசிரியர் நிலையான தாய் ஷிஹானைப் பெற்றுவிட்டார். ஆனால் முதல் மாதத்திலேயே உரிமம் பற்றிப் பேசுகிற ஆசிரியர் என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

குழல் வாங்குவதற்கு வருவோம். ஜப்பானில் நம்பி வாங்கக்கூடிய மூங்கில் ஷாகுஹாச்சி ஒரு லட்சம் யென்னைத் தாண்டும், பேர்பெற்றவர் செய்தது பல லட்சம் போகும். அதில் சிறு பங்கு விலைக்கு யூ என்ற ஏபிஎஸ் பிளாஸ்டிக் குழல் கிடைக்கிறது. பார்க்க அழகில்லை, எடை வித்தியாசம், ஆனால் சுருதி சரி, வெடிக்காது, ஈரத்தில் கிடந்தாலும் கவலை இல்லை. மேப்பிள் போன்ற மரத்தில் கடைந்த குழல்களும் உண்டு, நாதம் இன்னும் கொஞ்சம் கனிவு. கைவேலை தெரிந்தவர்கள் உள்விட்டம் 20 மி.மீ. அளவுள்ள பிவிசி குழாயில் தாங்களே செய்துகொள்வார்கள். சத்தம் வரும், உதடு பழகும், ஆனால் உண்மையான குழலின் உட்புறம் கீழே போகப் போகக் குறுகி வருகிறது, பிவிசியில் அது கிடையாது, அதனால் மேல் ஸ்தாயி சுருதி சேராது. நாலு வாரம் விளையாடிப் பார்க்கச் சரி.

செய்யக்கூடாதது, ஏல இணையதளத்தில் "பழைய ஷாகுஹாச்சி, அபூர்வம்" என்று மலிவாக வருவதை வாங்குவது. பாதி குழல்களில் விரிசல் இருக்கும். சில வெறும் சுவர் அலங்காரம். சில நல்ல குழல்கள்தான், ஆனால் அந்தக் காலத்துச் சுருதியில் செய்தவை, இன்றைய கோட்டோவோடு ஒத்துப்போகாது. பழைய குழல்கள் சிலவற்றின் உதாகுச்சியில் எருமைக் கொம்புக்குப் பதில் தந்தம் பதித்திருப்பார்கள், சர்வதேசத் தந்த வணிகத்துக்குத் தடை இருப்பதால் சுங்கத்தில் மாட்டினால் குழலும் போகும், தலைவலியும் வரும். விற்பவரிடம் இதை நேராகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் பணம் அனுப்ப வேண்டாம்.

இன்னொரு வார்த்தை அடிக்கடி காதில் விழும், ஜிநாஷி. சாதாரணமாக மூங்கிலின் உட்புறத்தில் ஜி என்ற கலவையைப் பூசி, இழைத்து, மேலே அரக்குப் பூச்சு கொடுத்து, உள்வடிவத்தைத் துல்லியமாக அமைப்பார்கள். அந்தப் பூச்சே இல்லாமல் மூங்கிலின் இயற்கையான உட்புறத்தோடு விடுவது ஜிநாஷி. ஒவ்வொன்றுக்கும் தனிக் குணம், சொரசொரப்பான அழகான நாதம், ஆனால் எந்தச் சுரத்தை எவ்வளவு சாய்த்து ஊத வேண்டும் என்பதை அந்தக் குழலிடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். தன் பிழை எது, குழலின் பிழை எது என்று பிரிக்கத் தெரியாத காலத்தில் அது வேண்டாம். ஒரு வருஷம் கழித்து மூங்கில் வாங்கும்போது ஆசிரியரைக் கூட வைத்துக்கொண்டு, அவரையும் ஊதச் சொல்லி, நீங்களும் ஊதி வாங்குங்கள். அவர் ஊதினால் எல்லாக் குழலும் நன்றாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மூங்கில் வந்த பிறகு பராமரிப்பு. அதன் எதிரி வறட்சி. காற்றில் ஈரம் சட்டென்று குறைந்தால் வெளிப்புறம் சுருங்கும், உள்ளே இருக்கும் பூச்சு அந்த வேகத்தில் சுருங்காது, 'டப்' என்று நெடுக்காக விரிசல் விழும். ஜப்பானின் பனிக்கால வறட்சி, வெளிநாட்டு ஹீட்டர் அறை, இரவெல்லாம் ஓடும் ஏசி, எல்லாம் ஒன்றுதான். வாசித்ததும் த்சுயுதோஷி என்ற கயிறு கட்டிய துணியை உள்ளே இழுத்து ஈரத்தைத் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டி, அப்புறம் துணிப்பையில் வையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் ஒருபோதும் விட வேண்டாம். விரிசல் விட்டாலும் உலகம் முடிந்துவிடாது, சுற்றி நூலோ பிரம்பிழையோ கட்டிச் சரிசெய்து ஆயுசுக்கும் வாசிக்கிறார்கள்.

தினப் பயிற்சி எவ்வளவு? கால் மணி நேரம் காலையில், கால் மணி நேரம் மாலையில். ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் ஊதினால் உதடு தளர்ந்து கெட்ட பழக்கம்தான் படியும். காலையில் ரோ மட்டும். மூச்சு தீரும் வரை ஒரு ரோ, ஓய்வு, இன்னொரு ரோ. ரோ புகி என்று இதற்குத் தனிப் பெயரே உண்டு, பல வருஷம் வாசித்தவர்களும் தினமும் செய்வது. எண்ணிக்கை முக்கியமில்லை, தொடங்கும்போது இருந்த சுரமும் முடியும்போது இருக்கும் சுரமும் ஒன்றாக இருக்கிறதா என்று கேளுங்கள். மூச்சு குறையும்போது சுரம் தொங்கும், அங்கே தாடையை இழையளவு நிமிர்த்தினால் நிற்கும். மாலையில் ஐந்து சுரம், கீழ் ஸ்தாயியான ஓட்சு, மேல் ஸ்தாயியான கான். விரல் ஒன்றேதான், மேலே போக வேகமாக ஊதாமல் பிளவை இன்னும் சிறிதாக்குங்கள். கடைசி ஐந்து நிமிடம் ஏதாவது பாட்டு, எவ்வளவு சின்னதாக இருந்தாலும், இல்லையென்றால் இரண்டே வாரத்தில் குழல் அலமாரிக்குள் போய்விடும். ஜப்பானியக் குழந்தைப் பாடல்கள் சில திறந்த சுரங்களிலேயே வந்துவிடும். சகுரா என்ற புகழ்பெற்ற ஜப்பானியப் பாட்டு எளிது என்று நினைத்துப் பலர் முதலில் அதை எடுப்பார்கள், அதில் மெரி இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள்.

ஜென் பற்றிக் கேட்கவில்லை, ஆனால் கேட்பீர்கள், எல்லாரும் கேட்பார்கள். ஷாகுஹாச்சியின் முன்னோர் சீனாவிலிருந்து வந்தது. நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆறு ஓட்டைக் குழல்கள் எட்டு இன்றும் இருக்கின்றன. எடோ காலத்தில் (1603–1868) இது ஃபுகே என்ற ஜென் பௌத்தப் பிரிவின் கொமுசோ துறவிகளின் கையில் இருந்தது, முகத்தையே மறைக்கும் கூடைத் தொப்பி போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் ஊதி யாசித்தவர்கள். சாமுராய் வகுப்பினரே இதில் சேரலாம் என்று விதி இருந்தது. 1871-இல் மெய்ஜி அரசு அந்தப் பிரிவையே ஒழித்தது, அதன்பின் குழல் பொதுமக்கள் கைக்கு முழுமையாக வந்தது. அந்தத் துறவிகளின் தனிப் பாடல்கள்தான் ஹொன்கியோகு. தாளக்கட்டு கிடையாது, ஒரு மூச்சு ஒரு வரி. கியோத்தோவில் மியோஆன்ஜி கோயிலை ஒட்டிய வழியினர் அதை இன்றும் தியானமாகவே ஊதுகிறார்கள். இதெல்லாம் உண்மை, அழகும் கூட. ஆனால் சத்தமே நிலைக்காத மூன்றாம் வாரத்தில் "நான் தியானம் செய்கிறேன், சுருதி முக்கியமில்லை" என்று சொல்லிக்கொள்வது வெறும் சாக்கு. கொமுசோக்களே வருஷக்கணக்கில் குருவிடம் உட்கார்ந்து பாடல் பாடலாகப் படித்தவர்கள்தான். ஹொன்கியோகு பிடித்திருந்தால் ஹொன்ஷிராபே என்ற சிறிய பாடலிலிருந்து தொடங்குவது வழக்கம், ஆறு மாதம் கழித்து ஆசிரியரிடம் கேட்டுப் பாருங்கள்.

குழல் வரும் வரை சும்மா இருக்காமல் கேளுங்கள். யமாகுச்சி கோரோ (1933–1999) வாசித்த ட்சுரு நோ சுகோமோரி, கூட்டில் இருக்கும் கொக்குகளைப் பற்றியது, 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தட்டில் இடம்பெற்ற பாடல். கின்கோ வாசிப்பு எவ்வளவு சுத்தமாக இருக்கும் என்பதற்கு அதுவே அளவுகோல். இன்னொரு முனையில் வதாசுமி, முரட்டு மூங்கிலில் மூச்சின் உரசலையே இசையாக்கியவர். அவரிடமும் படித்த யோகோயாமா கட்சுயா (1934–2010), இசையமைப்பாளர் டகேமிட்சு எழுதிய நவம்பர் ஸ்டெப்ஸை 1967-இல் நியூயார்க்கில் சிம்பொனி வாத்தியக் குழுவோடு முதன்முதலில் வாசித்தவர். இவை இரண்டும் இல்லாமல் நாட்டுப்புறப் பாட்டுக்குத் துணையாகக் குழல் எப்படிப் போகும் என்று கேட்க ஹொக்காய்டோவின் எசாஷி ஓய்வாகே. பாடகரின் குரல் இழுக்கும் இடமெல்லாம் குழலும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். மூன்றையும் கேட்டுவிட்டு எது உங்களைப் பிடித்து நிறுத்துகிறது என்று பாருங்கள். யமாகுச்சி என்றால் கின்கோ ஆசிரியர், வதாசுமி, யோகோயாமா என்றால் ஹொன்கியோகுவை முதன்மையாகச் சொல்லித்தருகிறவர், எசாஷி என்றால் மின்யோ என்ற நாட்டுப்பாடல் வாசிப்பவர், புதிய குழு இசைதான் இஷ்டம் என்றால் டோசான். அந்த முடிவுக்குப் பிறகு ஆசிரியரைத் தேடுங்கள், எந்தக் குழல் என்பதை அவரே சொல்லுவார்.